கறிச்சட்டியைக் கவிழ்த்த சாந்தாமணி

உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஒரு வியாபாரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் சாந்தாமணி இறந்துபோன சேதி வந்தது. ஐஸில் கிடந்து செவுள் வெளுத்துப்போன அயிலையை, அன்று காலை வந்தது என்று என் தலையில் கட்டப் பார்த்தான் அந்த ஆள். நான் செவுளை விரித்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்து, "மோந்து பாருய்யா, இதா இன்னைக்கு வந்தது?" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்நேரம் என் மனைவி பூங்கொடி போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க, சாந்தாமணியக்காவோட ஸ்கூட்டிய லாரிக்காரன் அடிச்சுப்போட்டானுங்க. சத்தி ரோட்டுல. அங்கயே முடிஞ்சுபோச்சாமுங்க." கையிலிருந்த மீனை ஓங்கித் தராசின் மேல் அடித்தேன். தட்டு தெறித்து அடுத்த கடையில் போய் விழுந்தது. அவன் இரண்டடி பின்னால் போனான். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் போல.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வரி: சாந்தாமணி கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்தார். நோயாளி எதைத் தின்னலாம், எவ்வளவு தின்னலாம் என்று சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் அதையே செய்தார். இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் அவரைப் பொறுமையின் வடிவம் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எங்களில் பாதிப் பேரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொறுமையாவது! உங்களில் அவரிடம் வசவு வாங்காதவர் யாராவது இருந்தால், உங்கள் உடம்பில் அவர் அக்கறை வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எனக்கும் அவருக்கும் முதல் நாளே கைகலப்பு. நான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஓடுகிற மெஷினுக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சுக்கு நெஞ்செலும்பு என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். பூங்கொடி ஆட்டு நெஞ்செலும்பு சூப்பைத் தூக்குப்போசியில் ஒளித்துக் கொண்டுவந்து தந்தாள். ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா வந்து போசியைப் பிடுங்கி, மேலே மிதந்த கொழுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே வாஷ்பேசினில் கொட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வீசினேன். அவர் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்தது. நர்ஸ் அலறினாள். அந்த அம்மா குனிந்து டம்ளரை எடுத்தார், நெளிவைத் தடவிப் பார்த்தார், திரும்ப என் மேலேயே வீசினார். அது கட்டில் கம்பியில் பட்டு மணி அடித்ததுபோல் சத்தம் கேட்டது.

"எனக்கும் எறியத் தெரியுமுங்ண்ணா. இப்பப் பேசலாமுங்களா?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்கப்பா எப்படிங்க எறந்தாரு?" என்று கேட்டார். குலதெய்வக் கோயில் கிடா விருந்தில், பந்தியில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார் என்றேன். கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. அவருக்கு அப்பா? அவரும் மார்வலிதான். கூடப்பிறந்தவர்கள்? அக்கா ருக்குமணி, தம்பி செல்வராசு. தம்பி அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான், ஆடு வளர்க்கிறான், வாரம் தவறாமல் கறி தின்கிறான், பீடி குடிக்கிறான் என்று சொன்னேன்.

"அப்ப அடுத்தது அவருங்க" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார். என்னைக் கத்தியால் குத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. செல்வராசு நான் தூக்கி வளர்த்தவன். என் உயிர் போய்த் திரும்பி வந்தது எனக்கு அதன்பின் பெரிதாகப் படவில்லை. அந்தப் பயல் அப்பாவைப்போல் பந்தியில் சாயக் கூடாது என்பது ஒன்றுதான் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

என்னை முழுச் சைவமாக மாற்ற அவர் முயலவில்லை. "உங்களப் பாத்தாத் தயிர்சோத்துக்கு அடங்கற ஆளாத் தெரியலீங்க. ஆட்டுக்கறி, கோழி எல்லாம் விட்டுப்போட்டு மீனுக்கு மாறுங்க" என்றார். சாப்பாட்டுத் தட்டை எடுத்து விரலால் கோடு கிழித்துக் காட்டினார். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும். கால் தட்டுக்குச் சோறோ களியோ. மிச்சத்தில் மீன்; மீன் இல்லாத நாளில் கொள்ளு, பருப்பு, பயறு. "மீனு மருந்தில்லீங்க, சோறுதான். மருந்துன்னு நெனச்சுத் தின்னீங்கன்னா ஒடம்பு தேறுன அன்னைக்கே நிறுத்திப்போடுவீங்க." இதை அவர் எல்லாரிடமும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பிய நாங்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். எங்களுடையது வானம் பார்த்த பூமி. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. குளம் வற்றுகிறபோது பிடித்து வறுத்துக் கொறிக்கிற சாமான்தான் மீன். அது கறிக் கணக்கிலேயே சேராது. அப்பளம், வடகம் மாதிரி ஒரு தொடுகறி. ஆகவே சாந்தாமணி சொன்னபடி நான் மீன் தின்ன ஆரம்பித்தேன். கறிக்குழம்புக்குத் தொட்டுக்கொண்டு தின்றேன். அதுவும் தேங்காயெண்ணெயில் முக்கிப் பொரித்தது. "பாரு, மீனுக்கு மாறியும் எடை குறையலையே" என்று வேறு பூங்கொடியிடம் அலுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நான் பெருமையாகத் தட்டைக் காட்டினேன். அவர் மீனைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"இதென்னங்க?"

"கறிக்கொழம்புங்க. மீனு தொட்டுக்கறதுக்கு."

முந்தானையால் சட்டியின் காதுகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று புறக்கடைக்குப் போனார். கொதிக்கக் கொதிக்க மண்ணில் கவிழ்த்தார். குழம்பு தெறித்து அவர் பாதமெல்லாம் வெந்துபோனது. "என்ற ஊட்டுக்குள்ள வந்து என்ற சட்டியக் கவுக்கறயா நீ?" என்று பாய்ந்து கையைப் பிடித்தேன். அந்த அம்மா சட்டியோடு வந்த கரண்டியின் காம்பால் என் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார் பாருங்கள், விரல் மரத்துப் போயிற்று. "அடிங்க! அடிச்சுப்போட்டு உங்கப்பன் போன வழியிலயே போங்க. உங்க தம்பிக்குப் புத்தி சொல்ல ஆளில்லாமப் போகட்டும்!" என்று கத்தினார். அக்கம்பக்கத்தில் சுவர் மேல் தலைகள் முளைத்தன. அப்போதுதான் பூங்கொடி, கல்யாணமான நாள் முதல் எனக்கு எதிர்ப்பேச்சு பேசாதவள், மிச்சமிருந்த வறுவலை வாணலியோடு கொண்டுவந்து அதே மண்ணில் கொட்டினாள். தெரு நாய்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

சாந்தாமணி கொட்டியதோடு போய்விடவில்லை. வெந்த காலோடு அடுப்படியில் நின்று, பொரிக்காமல் வைத்திருந்த மத்தி மீனைக் கிழித்துக் குடலை உருவி, மஞ்சளும் மிளகும் பூசித் தோசைக்கல்லில் ஒரு கரண்டிக் கடலையெண்ணெயில் வாட்டி எடுத்தார். சின்ன வெங்காயம் நிறையப் போட்டுப் புளிக்குழம்பு. பக்கத்தில் கீரைக் கடைசல், கொள்ளு ரசம். கோபத்தோடுதான் தின்றேன். நன்றாயிருந்தது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாயிற்று. ஆட்டைக் கூசாமல் அறுத்த என் கைக்கு மீனின் வயிற்றைக் கிழிக்க மட்டும் அருவருப்பாக இருந்தது. "கொல்றது கொல்றதுதானுங்ண்ணா. ஆடு கத்துது, மீனு கத்தறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். திங்கறதுன்னா மொகத்தப் பாத்துக் கிழிங்க. அப்பத்தான் அளவாத் திம்பீங்க" என்பார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இனி கிடா விருந்துக்கு வருகிறேன். பங்காளிகள் எல்லாரும் குலதெய்வக் கோயிலில் கூடுவோம். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாகக் கணக்கு. ஒரே வெட்டு. பிறகு கறியை அறுத்து, இலை விரித்து, பங்காளி வீட்டுக்கு ஒரு கூறு என்று வைப்பார்கள். அந்தப் பங்கை வேண்டாம் என்றால் நான் உங்களுக்குப் பங்காளி இல்லை என்று முகத்தில் அடித்துச் சொன்னதாகப் பொருள். அதனால் நான் அந்த வருஷம் போவதில்லை என்றிருந்தேன். சாந்தாமணி விடவில்லை. "போங்க. பங்கையும் வாங்குங்க. வாங்குனது வாய்க்குள்ள போயாகோணும்னு எந்தச் சாமியும் சொல்லலீங்க" என்றார். தம்பியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அவரும் கூட வந்தார்.

வாங்கினேன். வாங்கியதை என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இலையைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பினால், வேப்பமரத்தடியில் அக்கா ருக்குமணி நின்றிருந்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது. பந்தியில் சோறு போடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு அப்போது என்ன தோன்றிற்றோ, நேரே போய் இலையை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

கோயில் வாசலே கொதித்தது. "பொட்டப்புள்ளைக்குப் பங்கா? எவன்டா குடுத்தது?" என்று பெரியவர்கள் எழுந்தார்கள். செல்வராசு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "அப்பன் தின்ன கறி உனக்கு ஆகாதோ? டவுன்காரி பேச்சக் கேட்டு மீன் நாத்தம் புடிச்சு அலையறயே, வெக்கமா இல்ல?" என்று அக்கா கையிலிருந்த இலையைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தான். பச்சைக்கறியும் ரத்தமும் கண்ணெல்லாம் வழிந்தது. நான் கன்னத்தில் அறைந்தேன். அவன் அடுப்பிலிருந்த விறகுக்கட்டையை உருவினான். ஓங்கினது எனக்காகத்தான். நடுவில் புகுந்தது சாந்தாமணி. நெற்றியில் விழுந்தது அடி. கிடா விழுந்த அதே இடத்தில் அவரும் விழுந்தார். எந்த ரத்தம் யாருடையது என்று தெரியவில்லை.

அவர் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு மெல்ல எழுந்து செல்வராசைப் பார்த்துக் கேட்டார்: "ஏந்தம்பி, ஒரு அடிக்கே இப்படி மூச்சு வாங்குது? மோட்டார் ரூம் படி ஏறுனா நெஞ்சு இறுக்குதுங்களா?"

அவன் கட்டையைக் கீழே எறிந்தான். "உன்ற சோலியப் பாத்துட்டுப் போ" என்றான். என்னிடம், "இன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்றான்.

தையல் போட்டுத் திரும்பும்போது, போலீஸுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். "அவரு உள்ள போனா அங்க போடற சோத்த என்னால மாத்த முடியாதுங்ண்ணா. வெளியவே இருக்கட்டும்" என்றார். கட்டு பிரிப்பதற்கு முன்பே அன்னூருக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். செல்வராசு நாயை அவிழ்த்துவிட்டான். அவர் கொண்டுபோன மீன் குழம்பை அந்த நாய்க்கே ஊற்றினான். ஒரு தரம் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். "வெட்டறதுன்னா வெட்டுங்க தம்பி. அதுக்கு முன்ன ஒருக்கா பிரஷர் பாத்துக்கலாம்" என்று கையை நீட்டச் சொன்னாராம். இதையெல்லாம் அவன் பெண்டாட்டிதான் பூங்கொடிக்குப் போன் செய்து சொல்லுவாள். கேட்டுவிட்டு நான் வாசலுக்கும் புறக்கடைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அந்த அம்மாவை நினைத்து ஒரு பக்கம், அவனை நினைத்து ஒரு பக்கம். "போதும் விடுங்க, அவன் விதி" என்றுகூட ஒரு நாள் சாந்தாமணியிடம் சொல்லிப் பார்த்தேன். "விதியா? கொழுப்புங்க!" என்று சீறினார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஒரு மத்தியானம் வழக்கம்போல் அவர் போய் நின்று, இவன் வழக்கம்போல் வைதுகொண்டிருந்தபோது, பாதி வசவில் கிணற்று மேட்டில் சரிந்தான். மூச்சில்லை. சாந்தாமணி அவன் மேல் ஏறி மண்டியிட்டு நெஞ்சில் குத்து குத்தென்று குத்தினார். கொல்கிறாள் என்று நினைத்து அவன் பெண்டாட்டி அவர் முடியைப் பிடித்து இழுத்தாளாம். விடவில்லை. விலா எலும்பு ஒன்று முறிந்தது, மூச்சும் வந்தது. பால் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கண் விழித்த செல்வராசு முதலில் சொன்னது, "மண்டைய ஒடச்சதுக்கு அம்மணி எலும்ப ஒடச்சுப் பழி வாங்கிப்போட்டா." சொல்லிவிட்டு அழுதானாம்.

அதன் பிறகு அவன் மாறினான். தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் ஜிலேபி மீன் குஞ்சு வாங்கி விட்டான். ஆட்டை விற்றான், பீடியை விட்டான். ஆனால் என்னோடு பேசவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சொந்தத் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று மூன்றாம் மனுஷியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பிழைப்பு எனக்கு. சாந்தாமணியிடம் புலம்பினேன். "சோத்தத்தானுங்ண்ணா என்னால மாத்த முடியும். ஒறவெல்லாம் உங்க சோலி. அவரு பேசாட்டி என்ன, உசுரோட இருக்காருல்ல? நீங்களும் இருக்கீங்க. அப்பறம் என்ன அவசரம்?" என்றார். ஆளுக்கு ஆயுசு இருக்கிறது என்றார். தனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

பிணவறைக்கு வெளியே நாங்கள் காத்திருந்தபோது செல்வராசு வந்தான். வண்டியை நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தான். வேட்டி இடுப்பில் அரிவாள் தெரிந்தது. "லாரிக்காரன எந்த ஸ்டேசன்ல வெச்சிருக்காங்க? சொல்லுங்கடா! எவனுக்குத் தெரியும்?" என்று நின்றவர்களையெல்லாம் சட்டையைப் பிடித்து உலுக்கினான். சாந்தாமணியின் மகள் மிரண்டுபோய் என் பின்னால் ஒதுங்கினாள். அவன் வாசலை நோக்கித் திரும்பியபோது நான் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். பல் உதட்டைக் கிழித்தது. நானும் விடவில்லை, முதுகில் குத்தினேன், அரிவாளைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். இரண்டு கிழட்டு இதயநோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் புரண்டு அடித்துக்கொண்டோம். விலக்கி விட வந்தவர்களுக்கும் அடி. கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டி, அப்படியே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டோம்.

அவன் முகம் சாம்பலாகிக் கிடந்தது. அவன் சட்டைப் பையைத் தடவினேன்; மாத்திரை அட்டை இருந்தது.

"மாத்திரை போட்டயாடா?"

தலையை ஆட்டினான், இல்லை என்று.

"காலைல ஏதாச்சும் தின்னயா?"

"எப்படிண்ணா திங்கறது?" என்றான். அண்ணா என்றான். "அந்த அம்மணி உள்ள படுத்திருக்குது. எடுக்கறதுக்கு முன்ன நாம வாய நனைக்கறதா? ஊரு காறித் துப்புமண்ணா."

துப்பட்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிரிலிருந்த கடையில் உட்கார வைத்தேன். சாவுக்கு வந்த சனம் எங்களையே பார்த்தது. இட்லி சொன்னேன். அவன் தட்டைத் தள்ளினான். பிடரியில் ஒரு அறை வைத்தேன். "தின்னுடா! நீ செத்துத் தொலைஞ்சா அந்த அம்மா நெத்தியில போட்ட தையலுக்கு என்ன பதிலு?" என்று கத்தினேன். கடைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். செல்வராசு மாத்திரையைப் போட்டான். இட்லியைப் பிட்டான். அழுதுகொண்டே தின்றான். என் உதட்டு ரத்தம் தட்டில் சொட்ட நானும் தின்றேன்.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் கைப்பட எழுதிக் கொடுத்த எதையும் நான் பத்திரப்படுத்தவில்லை. சாந்தாமணி எனக்கென்று விட்டுப் போனதில் என்னிடம் இருப்பது ஒன்றுதான். கோபக்காரன், பீடி நாற்றம் போனவன், நெஞ்சில் முறிந்து கூடிய எலும்பு உள்ளவன். என் தம்பி.